கையெழுத்திட்டவர் யார்?



சென்னைக்குத் தெற்கே ஆலத்தூரில் சிட்கோவின் மருந்துத் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே ஏதாவது ஓர் ஆலையில் ஒரு பேட்ச் மாத்திரை தயாரானதும் அதன் மாதிரி தரக்கட்டுப்பாட்டு (கியூ.சி.) லேபுக்குப் போகும். அங்கே ஒரு வேதியியலாளர் இருபது மாத்திரைகளை எடைபோட்டுப் பொடித்து, அதில் அளவாக எடுத்துக் கரைத்து, வடிகட்டி, எச்.பி.எல்.சி. கருவியில் செலுத்துவார். திரையில் கோடு மேடு மேடாக எழும். அந்த மேட்டின் பரப்பைத் தரமறிந்த மருந்தின் பரப்போடு ஒப்பிட்டு, மாத்திரையில் மருந்து எத்தனை சதவீதம் என்று கணக்கிடுவார். இன்னொருவர் கணக்கைச் சரிபார்ப்பார். மூன்றாமவர் அறிக்கையில் கையெழுத்திடுவார். அதன் பிறகு பெட்டிகள் கப்பலேறும்.

அந்தச் சரக்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போவதாக இருந்தால், மூவருடைய உழைப்பும் அங்கே மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒன்றியத்தின் 2001/83 எண் ஆணைப்படி, வெளிநாட்டில் தயாரான ஒவ்வொரு பேட்சும் ஒன்றிய மண்ணில் மீண்டும் சோதிக்கப்பட வேண்டும். பின்னர் ‘தகுதிபெற்ற நபர்’ என்று சட்டம் குறிப்பிடும் ஒருவர், தொழில்வட்டாரத்தில் கியூ.பி., தன் பெயரில் சான்றளித்தால்தான் அது விற்பனைக்குப் போகும். அமெரிக்கா, ஜப்பான், சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளுக்கு ஒப்பந்தத்தின் பேரில் மறுசோதனையிலிருந்து விலக்கு உண்டு. இந்தியாவுக்கு இல்லை.

மாத்திரை கடல் கடக்கிறது, அறிக்கையும் கடக்கிறது. அந்த அறிக்கையில் கையெழுத்திட்டவரின் தகுதி மட்டும் ஆலைக் கேட்டைத் தாண்டுவதில்லை. ஒரு வேதியியலாளர் ஒரு நாட்டில் பெற்ற தொழில்தகுதியை இன்னொரு நாடு எந்த அடிப்படையில் ஏற்க வேண்டும், அதற்கு இந்தியா என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இன்றைய பொருள்.

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது, அதுவும் மிட்டாயில். 1858-ல் பிராட்ஃபோர்ட் நகரச் சந்தையில் விற்ற புதினா மிட்டாயைத் தின்று சுமார் 20 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 200 பேர் படுக்கையில் விழுந்தார்கள். சர்க்கரை விலை அதிகம் என்பதால் மலிவான வெள்ளைப் பொடியைக் கலப்பது அந்தக் காலத்து வழக்கம். மருந்துக்கடை உதவியாளர் தவறான பீப்பாயிலிருந்து அள்ளிக் கொடுத்துவிட்டார். போனது ஆர்செனிக். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஆர்தர் ஹில் ஹாசல் என்ற மருத்துவர் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு லண்டன் கடைகளின் காப்பி, மிளகு, பால் எல்லாவற்றையும் சோதித்து, கடைக்காரர்களின் பெயரோடு ‘லான்செட்’ இதழில் வெளியிட்டு வந்தார். 1860-ல் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. 1872-ல் வந்த திருத்தம் அதற்குப் பல் முளைக்கவைத்தது: ஊர்தோறும் பொதுப் பகுப்பாய்வாளர் நியமனம் தொடங்கியது.

பதவி வந்ததே தவிர, அதில் யாரை உட்காரவைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. பால் தண்ணீர் கலந்தது என்று ஊர்ப் பகுப்பாய்வாளர் சொல்வார். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனதும் லண்டன் சாமர்செட் ஹவுஸ் அரசு ஆய்வகம் இல்லை என்று சொல்லும். பால்காரர் சிரித்துக்கொண்டே வெளியே வருவார். இந்தக் குழப்பத்தின் நடுவில்தான் 1877-ல் வேதியியல் நிறுவனம் ஒன்று உருவானது. எட்வர்ட் ஃபிராங்க்லண்ட் அதன் முதல் தலைவர். அறிவியல் கட்டுரை வெளியிட 1841 முதலே ஒரு கழகம் இருந்தது. இந்த நிறுவனத்தின் வேலை வேறு. இன்னார் தொழில் தெரிந்தவர், நடத்தை சரியானவர் என்று சமூகத்துக்கு உறுதி சொல்வது அதன் நோக்கம். 1885-ல் அரச சாசனம் கிடைத்தது. 1975-ல் ‘சாசன வேதியியலாளர்’ என்ற பட்டத்தை வழங்கும் உரிமை வந்தது. 1980-ல் கழகமும் நிறுவனமும் வேறு இரு அமைப்புகளும் இணைந்து இன்றைய ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி ஆயின.

கவனிக்க வேண்டியது ஒன்று: இந்தத் தொழில்தகுதி, விருதாகவோ பெருமையாகவோ பிறக்கவில்லை. செத்தவர்களின் கணக்கிலிருந்தும், நீதிமன்றத்தில் தோற்ற வழக்குகளிலிருந்தும் பிறந்தது.

இங்கிலாந்தில் சாசனப் பட்டம் இன்றும் விருப்பத்தின் பேரில் பெறுவதே. அது இல்லாமலும் பெரும்பாலான ஆய்வகங்களில் வேலை செய்யலாம். ஆனால் பெற நினைப்பவர் பட்டச் சான்றிதழை மட்டும் நீட்டினால் போதாது. தான் எடுத்த முடிவுகள், சந்தித்த தோல்விகள், பாதுகாப்பிலும் நெறியிலும் நடந்துகொண்ட விதம் ஆகியவற்றைத் தன் வேலையிலிருந்தே ஆதாரத்தோடு எழுதிக் காட்ட வேண்டும். பொதுப் பகுப்பாய்வாளர் பதவிக்கு மட்டும் இன்றும் தனித் தேர்வு உண்டு; அதைத் தேறாதவரைச் சட்டம் அந்த நாற்காலியில் உட்கார விடாது.

மற்ற நாடுகளில் நிலைமை ஊருக்கு ஒரு விதம். இத்தாலியில் 1928-லிருந்தே வேதியியலாளர் தொழில் அரசு ஆணைக்கு உட்பட்டது; அரசுத் தேர்வு எழுதிப் பதிவேட்டில் பெயர் ஏறியவரே அந்தத் தொழிலை நடத்தலாம். 2018-ல் வந்த ஒரு சட்டம் வேதியியலாளரையும் இயற்பியலாளரையும் நலவாழ்வுத் தொழில்களோடு சேர்த்துவிட்டது. பிலிப்பைன்ஸ் 1952-லேயே வேதியியலாளர் சட்டம் கொண்டுவந்தது. 2015-ல் அதைப் புதுப்பித்தது. அங்கே உரிமத் தேர்வு தேறி, உறுதிமொழி எடுத்து, பதிவு எண் வாங்க வேண்டும். மலேசியாவில் 1975-ஆம் ஆண்டின் வேதியியலாளர் சட்டம், மலேசிய வேதியியல் நிறுவனத்தில் பதிவு இல்லாதவர் தொழில் நடத்துவதைத் தடுக்கிறது. கனடாவில் ஒரே நாட்டுக்குள்ளேயே மாகாணத்துக்கு மாகாணம் வேறுபாடு. கியூபெக்கில் வேதியியலாளர் என்ற பெயரே சட்டப்படி காக்கப்பட்டது; அங்கே நிரந்தர உரிமம் வேண்டுமென்றால் பிரெஞ்சும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் பொதுவான உரிமம் எதுவும் கிடையாது. அமெரிக்க வேதியியல் கழகம் 1936-ல் ஒரு குழு அமைத்து, கல்லூரிகளின் பட்டப்படிப்புக்குத் தரம் வகுத்தது. ஆளைப் பதிவு செய்யும் வேலையை அது எடுத்துக்கொள்ளவில்லை.

அமெரிக்கா கொடுத்த விலையைப் பார்க்கலாம். பாஸ்டன் நகரின் ஹின்டன் அரசு ஆய்வகத்தில் போதைப்பொருள் சோதித்த வேதியியலாளர் ஆனி டூக்கன் 2012-ல் கைதானார். மற்றவர்களைவிடப் பன்மடங்கு வேகமாக மாதிரிகளை முடித்துக்கொண்டிருந்தவர் அவர். வேகத்தின் ரகசியம் எளிது: பல மாதிரிகளை அவர் சோதிக்கவே இல்லை, கண்ணால் பார்த்து எழுதினார். நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சாட்சி சொன்னபோது, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றதாகச் சொன்னார். அப்படி ஒரு பட்டம் அவரிடம் இல்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துவிடும் விஷயம். யாரும் அழைக்கவில்லை. 2013-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். 2017-ல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் அவர் கைபட்ட 21,000-க்கும் மேற்பட்ட வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. அத்தனை பேரின் வாழ்க்கையும் ஒருவர் சொன்ன தகுதியை யாரும் சரிபார்க்காததில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆளை நம்புவது கடினம் என்று உணர்ந்துதானோ என்னவோ, உலகம் ஆய்வகத்தை நம்பக் கற்றுக்கொண்டது. ஐ.எஸ்.ஓ. 17025 என்ற தரநிலை 1999-ல் வந்தது, 2017-ல் திருத்தம் பெற்றது. அங்கீகார அமைப்புகள் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ளும் ஐலாக் உடன்பாடு 2000-ல் கையெழுத்தானது. இந்தியாவில் அந்த அங்கீகாரத்தை வழங்குவது என்.ஏ.பி.எல். அதன் முத்திரை உள்ள அறிக்கை இன்று பல நாடுகளில் செல்லும். இறால், மிளகாய்த்தூள், துணிச்சாயம் என்று ஏற்றுமதி செய்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் அந்தத் தரநிலையைக் கொஞ்சம் நெருங்கிப் படித்தால் ஒரு விசித்திரம் புலப்படும். அறிக்கைக்கு ஒப்புதல் தந்தவர் யார் என்று காட்ட வேண்டும் என்கிறது. அவருடைய தகுதியைத் தீர்மானிக்கும் பொறுப்பை ஆய்வகத்திடமே விடுகிறது. ஆகவே பதினைந்து ஆண்டு பூச்சிக்கொல்லி எச்சம் பார்த்த ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து துபாய்க்கு வேலை மாறினால், அவருடைய கையெழுத்து அதிகாரம் கோயம்புத்தூரிலேயே தங்கிவிடும். புது ஆய்வகத்தில் பயிற்சிப் பதிவேட்டில் முதல் வரியிலிருந்து அவர் பெயர் எழுதப்படும். அவர் கற்றதெல்லாம் கையில் இருக்கிறது. காட்டக் காகிதம் இல்லை.

பொறியாளருக்கு இந்த நிலை இல்லை. பொறியியல் பட்டங்களை ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்பாடு 1989-ல் பிறந்தது. இந்தியா 2014-ல் முழு உறுப்பினர் ஆனது. நம் கணக்காயர் நிறுவனம் இங்கிலாந்து, ஆஸ்திரேலிய அமைப்புகளோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. தென்கிழக்காசியாவின் ஆசியான் கூட்டமைப்பு பொறியாளர், செவிலியர், கட்டடக் கலைஞர், மருத்துவர், பல் மருத்துவர், கணக்காயர், நில அளவையர், சுற்றுலாத் தொழிலாளர் ஆகியோருக்குப் பரஸ்பர ஏற்பு உடன்பாடுகளை 2005-லிருந்து ஒவ்வொன்றாக உருவாக்கியது. அந்தப் பட்டியலில் வேதியியலாளர் இல்லை. வேடிக்கை என்னவென்றால், மருந்து ஆலைகளைச் சோதித்த அறிக்கையை ஒருவருக்கொருவர் ஏற்க அதே ஆசியான் 2009-ல் உடன்பாடு கண்டது. ஆலைக்குக் கிடைத்த மரியாதை ஆலைக்குள் நிற்பவருக்குக் கிடைக்கவில்லை.

ஐரோப்பாவும் முயன்று பார்த்தது. ஒன்றியத்தின் 2005/36 எண் ஆணை, மருத்துவர், செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர், பல் மருத்துவர், கால்நடை மருத்துவர், மருந்தாளுநர், கட்டடக் கலைஞர் என்ற ஏழு தொழிலுக்குத் தானாகவே ஏற்பு தருகிறது. எட்டாவதாக வேதியியலாளரைச் சேர்க்கவில்லை. அதனால் ஐரோப்பிய வேதியியல் கழகங்கள் தாமே கூடி ‘ஐரோப்பிய வேதியியலாளர்’ என்ற பட்டத்தை வகுத்தன. உறுப்புக் கழகம் ஒன்றில் இருப்பவர், படிப்பையும் அனுபவத்தையும் காட்டி, நடத்தை விதியை ஏற்றுக் கையெழுத்திட்டால் சுருக்கமாக ‘யூர்கெம்’ என்று பெயரோடு போட்டுக்கொள்ளலாம். கல்லூரிப் பக்கத்தில் ‘யூரோபேச்சலர்’ என்ற முத்திரை வந்தது. இரண்டும் நல்ல முயற்சிகள்தாம். ஆனால் யூர்கெம் பட்டத்துக்குப் பின்னால் சட்டம் இல்லை. அதை வைத்திருப்பவருக்கு அது ஒரு நற்சான்று. இத்தாலியப் பதிவேட்டில் நுழைய அது சாவி ஆகாது.

அதற்கு நேர்மாறு கியூ.பி. அங்கே பின்னால் சட்டம் நிற்கிறது. 2001/83 ஆணையின் 49-ஆவது பிரிவு குறைந்தது நான்கு ஆண்டுப் பல்கலைக்கழகப் படிப்பைக் கேட்கிறது. மருந்தியல் படித்தவர் மட்டும் என்றில்லை. மருத்துவம், கால்நடை மருத்துவம், வேதியியல், உயிரியல் படித்தவரும் வரலாம். அதோடு உரிமம் பெற்ற ஆலையில் இரண்டு ஆண்டு நேரடி அனுபவம். பெயர் அரசிடம் பதிவாகும். தப்பு நேர்ந்தால் நிறுவனத்தின் பின்னால் அவர் ஒளிந்துகொள்ள முடியாது. எந்தத் தேர்வுத்தாளையும்விட இந்தத் தனிப்பொறுப்புதான் ஐரோப்பிய மருந்துப் பெட்டிக்கு மதிப்புத் தருகிறது.

இந்தியாவில் என்ன இருக்கிறது? மருந்து விதிகள், தயாரிப்பை மேற்பார்வையிடுபவருக்கும் சோதனைப் பிரிவின் தலைவருக்கும் தகுதி வகுத்திருக்கின்றன. தயாரிப்பை மேற்பார்வையிடுபவர் மருந்தியல் பட்டதாரி என்றால் பதினெட்டு மாதம், வேதியியல் பட்டதாரி என்றால் மூன்று ஆண்டு அனுபவம். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒப்புதல் தரும். ‘அப்ரூவ்டு கெமிஸ்ட்’ என்று சுயவிவரத்தில் எழுதிக்கொள்பவர்கள் சொல்வது இதைத்தான். அந்த ஒப்புதல் அவர் வேலை பார்க்கும் ஆலையின் உரிமத்தில் ஒட்டியிருக்கிறது. ஆலை மாறினால் மீண்டும் விண்ணப்பம். உணவுப் பகுப்பாய்வாளருக்கு 2011-ஆம் ஆண்டு விதிகளில் முதுகலைப் பட்டம், மூன்று ஆண்டு அனுபவம், அதன் மேல் ஒரு வாரியத்தின் ஒப்புதல் என்று தெளிவான படிகள் உண்டு. கொல்கத்தாவின் இந்திய வேதியியலாளர் நிறுவனம் நடத்தும் உணவுப் பகுப்பாய்வுத் தேர்வையும் அந்த விதி தகுதியாக ஏற்கிறது. 1927-ல் தோன்றிய அமைப்பு அது. நம் பட்டதாரிகளில் பலர் அதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் என்பது வருத்தம். இவை தவிர, நாடு முழுமைக்குமான வேதியியலாளர் சட்டமோ பதிவேடோ கிடையாது.

இந்த இடத்தில் டைஎதிலீன் கிளைகாலைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. நிறமற்ற, இனிப்பான, கொழகொழப்பான திரவம். சிரப்பில் சேர்க்க உகந்த கிளிசரின், புரொப்பிலீன் கிளைகால் ஆகியவற்றோடு பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, விலை குறைவு, சிறுநீரகத்தைக் கொல்லும். 1937-ல் அமெரிக்காவின் டென்னசியில் ஒரு மருந்து நிறுவனத்தின் தலைமை வேதியியலாளர் ஹெரால்ட் வாட்கின்ஸ், சல்ஃபா மருந்தை அதில் கரைத்து ராஸ்பெர்ரி வாசனை சேர்த்தார். நிறுவனத்தின் லேபில் சுவை, தோற்றம், மணம் மூன்றையும் பார்த்தார்கள். நச்சுத்தன்மையைப் பார்க்கவில்லை; பார்க்க வேண்டும் என்று அப்போது சட்டமும் கேட்கவில்லை. 100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வாட்கின்ஸ் தற்கொலை செய்துகொண்டார். 1938-ல் அமெரிக்காவின் உணவு, மருந்துச் சட்டம் வந்தது.

2022-ல் காம்பியாவில் 60-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் தயாரான சிரப்புகளைச் சுட்டிக்காட்டியது. 2023 ஜூன் 1 முதல், ஏற்றுமதியாகும் இருமல் சிரப்புக்கு அங்கீகாரம் பெற்ற அரசு ஆய்வகங்களில் சோதித்த சான்றிதழ் கட்டாயம் என்று இந்தியா விதித்தது. உள்நாட்டில் விற்பதற்கு அந்த விதி பொருந்தவில்லை. 2025 செப்டம்பரிலும் அக்டோபரிலும் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அவர்கள் குடித்த சிரப் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழக அரசு ஆய்வகம் அதில் 48.6 சதவீதம் டைஎதிலீன் கிளைகால் இருப்பதைக் கண்டது. அனுமதிக்கப்படும் வரம்பு 0.1 சதவீதம்.

வந்திறங்கிய பீப்பாயிலிருந்து ஒரு துளி எடுத்து வாயு நிறப்பிரிகைக் கருவியில் செலுத்தியிருந்தால் இவ்வளவு பெரிய அளவு தப்பியிருக்கவே முடியாது. கருவி இல்லாத சிறு ஆலையிலும் மெல்லடுக்குத் தட்டில் கண்டுபிடித்துவிடலாம். அந்த அக்டோபரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை, பல ஆலைகள் மூலப்பொருளை பேட்ச் தவறாமல் சோதிப்பதில்லை என்று மாநிலங்களுக்கு எழுதியது. சோதிக்காத பீப்பாயை ஆலைக்குள் விடமாட்டேன் என்று சொல்லும் அதிகாரமும், சொன்னதற்காக வேலை போனால் நிற்க ஓர் இடமும் இருக்கும் வேதியியலாளர் இருந்தால்தான் அந்தக் கதவு மூடும். முதலாளி கொடுத்த பதவி முதலாளியை எதிர்க்க உதவாது. சட்டம் கொடுத்த பதிவு எண் உதவும்.

எதிர்வாதமும் உண்டு. பதிவேடு வந்தால் கட்டணம் வரும், தரகர் வருவார், உள்ளே இருப்பவர்கள் வெளியே இருப்பவர்களுக்குக் கதவடைப்பார்கள் என்பார்கள். பொய்யில்லை, தொழில் அமைப்புகளின் வரலாற்றில் அதற்கு எத்தனையோ சான்றுண்டு. ஆகவே எல்லா வேதியியலாளருக்கும் உரிமம் தேவையில்லை. புதிய பாலிமர் தேடும் ஆராய்ச்சியாளரைப் பதிவேட்டில் அடைத்து யாருக்கும் பயனில்லை. குடிநீர், உணவு, மருந்து, தடய அறிவியல், நச்சுக் கழிவு ஆகிய ஐந்து இடங்களில் அறிக்கையில் கையெழுத்திடுபவருக்கு மட்டும் சட்டப் பதிவு போதும்.

அந்தப் பதிவு வேலையை அளக்க வேண்டும். பல்கலைக்கழகப் பெயரையும் மதிப்பெண்ணையும் மட்டும் பார்த்தால், இருக்கிற சான்றிதழ்க் குவியலில் இன்னொன்று சேரும். பெயர் தெரியாத மாதிரியை அனுப்பி விடையைச் சரிபார்க்கும் திறன்சோதனை ஏற்கெனவே ஆய்வகங்களுக்கு நடக்கிறது. அதன் முடிவை ஆளின் கணக்கிலும் எழுதலாம். கருவியின் கணினிப் பதிவில் பிடிக்காத முடிவை அழித்தாரா, முதலில் ‘சோதனை ஓட்டம்’ என்று திருட்டுத்தனமாக ஓட்டிப் பார்த்தாரா என்பதும் அதில் ஏற வேண்டும். பத்தாண்டுக்கு முன் இந்திய ஆலைகள் பல அமெரிக்க எச்சரிக்கைக் கடிதம் வாங்கியது இந்த இரண்டு குற்றத்துக்காகவும்தான்.

இலங்கை இதில் நம்மைவிட ஒரு படி முன்னால் நிற்கிறது. 1941-ல் தொடங்கிய இலங்கை வேதியியல் கழகத்தின் தொடர்ச்சியாக 1971-ல் இலங்கை வேதியியல் நிறுவனம் உருவானது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றச் சட்டத்தால் அதற்கு வடிவம் கிடைத்தது. 1979 முதல் அது தானே ஒரு பட்டநிலைப் படிப்பை நடத்துகிறது. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல் ஆய்வக உதவியாளராக வேலைக்குப் போனவர்களும் அதன் வழியே வேதியியலாளர் ஆகியிருக்கிறார்கள். சாசன வேதியியலாளர் பட்டமும் அங்கே உண்டு. மலேசியாவில் சட்டம் ஐம்பது ஆண்டுகளைக் கண்டுவிட்டது. இரு நாடுகளின் ஆய்வகங்களிலும் தமிழ் பேசும் வேதியியலாளர்கள் இருக்கிறார்கள். பரஸ்பர ஏற்புக்கு இந்தியா முதலில் பேச வேண்டியது பிரசெல்ஸோடு அல்ல, கொழும்போடும் கோலாலம்பூரோடும்.

பேசப் போனால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, உங்கள் பதிவேடு எங்கே என்பதாகத்தான் இருக்கும். பிலிப்பைன்ஸ் சட்டம் இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது: எங்கள் வேதியியலாளரை உங்கள் நாடு அனுமதித்தால், உங்களவரை நாங்கள் அனுமதிப்போம். பதிவேடு இல்லாத நாடு கொடுப்பதற்கு என்ன வைத்திருக்கிறது?

இந்தியா மருந்தாளுநருக்கு 1948-லும், கணக்காயருக்கு 1949-லும், வழக்கறிஞருக்கு 1961-லும், கட்டடக் கலைஞருக்கு 1972-லும் சட்டம் இயற்றியது. வேதியியலாளர் சட்டத்துக்கான வரைவைத் தில்லி எழுதித் தரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. இந்த அவையில் பல்கலைக்கழக வேதியியல் துறைகளின் பேராசிரியர்களும், மருந்து ஆலைகளின் தர அலுவலர்களும், அரசு ஆய்வகப் பகுப்பாய்வாளர்களும் இருக்கிறார்கள். மூன்று தரப்பும் ஒரே மேசையில் அமர்ந்து, பதிவேட்டின் தகுதி விதிகளையும் ஒழுங்கு விதிகளையும் முதல் வரைவாக எழுதித் தமிழக அரசிடமும் மத்திய அரசிடமும் இந்த ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.